கடைநிலை ஊழியரின் இதயம்

1994 ஜனவரி 17 அதிகாலை 4 மணி 31 நிமிடத்துக்கு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வடமேற்குப் பகுதியான நார்த்ரிட்ஜில் நிலம் குலுங்கியது. ஊர் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை. இடிந்த கட்டடங்களில் சிக்கி இறந்தவர்களின் கணக்கு தனி. அதில் சேராத இன்னொரு கணக்கை ஜொனாதன் லியோர், ராபர்ட் க்ளோனர் முதலான இதய மருத்துவர்கள் பின்னாளில் மரண விசாரணை அலுவலகத்தின் பதிவேடுகளிலிருந்து எடுத்தார்கள். நிலநடுக்கத்துக்கு முந்தைய வாரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் இதயத் தமனி நோயால் திடீரென இறந்தவர்கள் நாளுக்குச் சராசரியாக 4.6 பேர். நிலநடுக்கம் வந்த அன்று மட்டும் 24 பேர். அவர்களில் மூவர்தான் வழக்கத்துக்கு மீறி உடலை வருத்திக்கொண்டவர்கள். மற்றவர்களுக்கு அச்சமே போதுமாக இருந்தது.

அந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் எண் ஒன்று உண்டு. அடுத்த ஆறு நாட்களில் திடீர் இதய மரணங்கள் வழக்கத்தைவிடக் குறைந்துபோயின: நாளுக்குச் சராசரி 2.7. பின்னதிர்வுகள் தொடர்ந்தன. வீட்டுக்குள் போக அஞ்சி மக்கள் வெட்டவெளியில் தங்கியிருந்த வாரம் அது. பயம் விலகவில்லை, ஆனாலும் மரணம் குறைந்தது. அந்த வாரத்தில் எப்படியும் இறந்திருக்கக்கூடிய சிலர் 17ஆம் தேதியே போய்விட்டார்கள் என்பதுதான் மருத்துவர்கள் தந்த விளக்கம்.

ஆக, அந்த அதிகாலை யாரைக் கொன்றது? இதயத் தமனிகளின் உட்சுவரில் ஏற்கெனவே கொழுப்புப் படிவு சேர்ந்து, அதன் மேல்மூடி பாலின் மீது படியும் ஏடுபோல மெலிந்து நின்றவர்களை. அட்ரீனலின் பாய்ந்து, ரத்த அழுத்தம் எகிறி, மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறையும், குழாய் அடைபடும். ஏற்கெனவே ரத்தம் குறைந்து தவித்துக்கொண்டிருந்த இதயத் தசை என்றால், அடைப்பு முழுமையடையும் முன்பே துடிப்பின் ஒழுங்கு குலைந்து நின்றுபோவதும் உண்டு. வினாடிகளில் முடிகிற காரியம். ஆனால் அந்தப் படிவு சேர எடுத்துக்கொண்ட காலம் இருபது, முப்பது ஆண்டுகள்.

நம் ஊரில் மாரடைப்பை எப்போதும் ஒரு சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் பேசுகிறோம். “பையன் விஷயம் காதுல விழுந்ததும் அப்படியே சாஞ்சுட்டாரு” என்பார்கள். அந்தச் செய்தி தீக்குச்சி உரசியது உண்மையாக இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் படிவு சேர்வதற்கு உப்பும் கொழுப்பும் சிகரெட்டும் சர்க்கரையும் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். மன உளைச்சலுக்கு அதில் பங்கு இருக்கிறதா, இருந்தால் யாருடைய மன உளைச்சலுக்கு?

வொயிட்ஹாலின் படிக்கட்டு

இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவரை மிக நேர்மையான விடை லண்டனில் கிடைத்தது. பிரிட்டிஷ் அரசின் அமைச்சகங்கள் வரிசையாக நிற்கும் சாலையின் பெயர் வொயிட்ஹால். 1967இல் டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் அங்கே பணிபுரிந்த 40 முதல் 64 வயது வரையிலான ஆண் ஊழியர்களை உடல் பரிசோதனைக்கு அழைக்கத் தொடங்கினார்கள். பின்னர் மைக்கேல் மார்மட் இந்த ஆய்வில் சேர்ந்தார். இன்று அந்த ஆய்வு அவருடைய பெயரோடுதான் பேசப்படுகிறது.

அந்தக் காலத்து நம்பிக்கை என்ன? பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் அட்டாக் வரும். ஆயிரம் முடிவுகளை எடுப்பவர், தொலைபேசி ஓயாத மேசைக்காரர், தூக்கத்திலும் கோப்புகளைப் பற்றி யோசிப்பவர், அவருக்குத்தான் இதயம் பலவீனப்படும். வாசலில் நிற்பவருக்கும் கோப்பு சுமப்பவருக்கும் என்ன கவலை? அன்றைய பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின.

1978இல் வெளியான முடிவு இதைத் தலைகீழாக்கியது. 17,530 பேரை ஏழரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மிகக் கீழ்நிலையில் இருந்த ஊழியர்கள் இதயத் தமனி நோயால் இறந்த விகிதம், உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளுடையதைப் போல 3.6 மடங்காக இருந்தது. கீழ்நிலையில் இருந்தவர்கள் அதிகமாகப் புகைத்தார்கள், அவர்களுடைய ரத்த அழுத்தமும் கூடுதல். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் பதவிக்கும் மரணத்துக்கும் இருந்த உறவு வலுவாகவே நின்றது.

இவர்கள் யாரும் பட்டினியில் வாடியவர்கள் இல்லை. எல்லோருக்கும் அரசு வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வூதியம், இலவச அரசு மருத்துவம். அதைவிடத் திகைக்க வைத்தது, வேறுபாடு மேலே–கீழே என்று இரண்டாகப் பிரியாமல் படிப்படியாக இறங்கியதுதான். உச்சிக்கு ஒரு படி கீழே இருந்தவர் வசதியானவர், படித்தவர். ஆனாலும் அவருடைய இதயத்தின் நிலை உச்சியில் இருந்தவருடையதைவிட மோசம். வறுமை மட்டுமே காரணம் என்றால் இந்தப் படிக்கட்டு இருக்கக் கூடாது.

காரணத்தைத் தேடி 1985இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இம்முறை 10,308 பேர், பெண்களும் உண்டு. ரத்தப் பரிசோதனையோடு வேலையைப் பற்றியும் கேட்டார்கள். உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று யார் தீர்மானிக்கிறார்? எந்த வேகத்தில் செய்வது? எப்போது எழுந்து போய் ஓய்வெடுக்கலாம்? புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள வேலையில் இடம் இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் தொகுத்து ‘வேலை மீதான பிடி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை கேட்டபோதும் பிடி குறைவு என்று விடை வந்தவர்களுக்கு, பிடி உள்ளவர்களைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு புதிதாக இதயநோய் வந்தது. புலம்புகிற சுபாவம் உள்ளவர்கள் வேலையையும் குறை சொல்வார்கள், நெஞ்சு வலியையும் அதிகம் சொல்வார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். ஆய்வாளர்கள் அதையும் யோசித்து, ஒவ்வொரு பணியிலும் ஊழியருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்று நிர்வாகத் தரப்பிடமும் மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தாலும் விடை அதே திசையில்தான் இருந்தது. பதவிப் படிக்கட்டில் இதயநோய் ஏறி இறங்குவதை, புகையையும் கொழுப்பையும்விட இந்தப் பிடி அதிகமாக விளக்கியது.

இதற்கு முன்பே, 1979இல், ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஒரு கோட்பாடாக எழுதியிருந்தார். வேலைப் பளு மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. பளு அதிகமாகவும் பிடி குறைவாகவும் சேர்ந்து அமைவதுதான் கெடுக்கிறது. அறுவைச் சிகிச்சை நிபுணரின் நாள் கடுமையானது, ஆனால் கத்தியை எங்கே வைப்பது என்பது அவர் முடிவு. கால் சென்டரில் ஒரு அழைப்பை இத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று கடிகாரம் ஓட, வசவு வாங்கினாலும் சிரித்த குரலில் பேச வேண்டிய பெண்ணுக்கு எது அவர் முடிவு? கழிவறைக்குப் போகும் நேரம்கூட இல்லை.

கலைந்துபோன குரங்குக் கூட்டம்

மனிதர்களைப் பின்தொடர்ந்து எடுக்கும் புள்ளிவிவரத்தில் ஒரு சந்தேகம் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும்: அழுத்தம்தான் நோயைத் தந்ததா, இரண்டுக்கும் பின்னால் வேறொன்று இருக்கிறதா? சீட்டுக் குலுக்கி, “நீ பத்தாண்டு துன்பப்படு, நீ நிம்மதியாக இரு” என்று மனிதர்களைப் பிரிக்க முடியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வின்ஸ்டன்-சேலம் நகரில் ஜே கப்லான், ஸ்டீபன் மனக், தாமஸ் கிளார்க்சன் ஆகியோர் இதைக் குரங்குகளிடம் செய்து பார்த்தார்கள். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த நீண்ட வால் குரங்குகள் அவை. அவற்றின் தமனிகளில் கொழுப்பு படிவது மனிதர்களிடம் நடப்பதைப் பெரிதும் ஒத்தது.

எல்லா ஆண் குரங்குகளுக்கும் ஒரே உணவு. சில கூட்டங்களைக் கலைக்காமல் விட்டார்கள். மற்றவற்றில் உறுப்பினர்களை அவ்வப்போது மாற்றி மாற்றிப் போட்டார்கள். குரங்குக் கூட்டத்தில் யார் தலைவன், யார் அடங்கிப்போக வேண்டியவன் என்பது சண்டையில் முடிவாகும். முடிவானதும் பெரும்பாலும் அமைதி. ஆனால் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த முடிவு நிலைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு தமனிகளைப் பார்த்தபோது, கலைக்கப்பட்ட கூட்டங்களின் தலைவர்களுக்குக் கொழுப்புப் படிவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நிலையான கூட்டங்களின் தலைவர்களுக்கு அப்படி இல்லை. பிறகு நடந்த சோதனையில், அட்ரீனலின் இதயத்தில் வேலை செய்வதைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்தபோது இந்தக் கூடுதல் படிவு பெரிதும் தடுக்கப்பட்டது. உளைச்சல் தமனியை அடையும் வழிகளில் ஒன்று, ஆபத்தில் அட்ரீனலினைத் தூண்டிவிடும் பரிவு நரம்பு மண்டலம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

வொயிட்ஹாலில் கீழே இருந்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள், வின்ஸ்டன்-சேலத்தில் மேலே இருந்தவர்கள். முரண்பாடுபோலத் தோன்றும். என் பார்வையில் இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன. தன் நாளில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது தன் கையில் இல்லாத உயிருக்கு, அது எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும், தமனி கெடுகிறது. பெண் குரங்குகளில் அடங்கிப்போக நேர்ந்தவற்றுக்கே பாதிப்பு அதிகம் என்பதையும் இதே குழுவினர் கண்டார்கள். விரட்டப்படுவதும், பிற குரங்குகள் தொட்டுப் பேன் பார்க்க வராமல் தனித்து உட்கார்ந்திருப்பதும் அவற்றின் அன்றாடம்.

மூளையிலிருந்து எலும்புக்குள்

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்க்கலாம். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் இரண்டு செய்திகள் புறப்படுகின்றன. முதலாவது நரம்பு வழியே வினாடிகளில் போகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினை விடுகிறது. துடிப்பு ஏறுகிறது, தோலிலும் குடலிலும் குழாய்கள் சுருங்குகின்றன, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் உறையட்டும் என்று தட்டணுக்கள் ஒட்டும் தன்மை பெறுகின்றன. இரண்டாவது செய்தி ரத்தம் வழியே மெதுவாகப் போகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமசிலிருந்து பிட்யூட்டரிக்கு, அங்கிருந்து அட்ரீனல் சுரப்பியின் புறப்பகுதிக்கு. அங்கே சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோன் இருபது முப்பது நிமிடங்களில் உச்சத்தைத் தொடும்.

சண்டையோ ஓட்டமோ சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்ற அனுமானத்தில் அமைந்த ஏற்பாடு இது. எது நடந்தாலும் நடந்து முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். கடன்காரரின் தொலைபேசியும், வேலை நிரந்தரமாகுமா என்ற கேள்வியும் நிமிடங்களில் முடிவதில்லை. இறங்க வேண்டியது இறங்காமல் போவதுதான் நாட்பட்ட அழுத்தத்தின் உடற்கூறு. ப்ரூஸ் மக்கீவன் என்ற நியூயார்க் ஆய்வாளர் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார்: காப்பாற்ற வந்த ஏற்பாடு ஓயாமல் இயங்குவதால் உடலில் சேரும் தேய்மானம்.

அந்தத் தேய்மானம் எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஒரு சிறிய சோதனையைச் சொல்ல வேண்டும். தமனியின் உட்சுவர் ஒற்றைச் செல் தடிமனுள்ள மெல்லிய படலம். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரிக்கிறது. ரத்தம் தேவைப்படும் நேரத்தில் தமனி எவ்வளவு விரிகிறது என்பதைப் புஜத்தில் ஸ்கேன் கருவியை வைத்து அளக்கலாம். 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், நோய் எதுவும் இல்லாத ஆண்கள் சிலரை மூன்றே நிமிடங்கள் மன நெருக்கடிக்கு உள்ளாக்கினார்கள். அரை மணி நேரம் கழித்து அளந்தபோது விரியும் திறன் ஏறக்குறையப் பாதி. ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகும் அப்படியே. நான்கு மணி நேரம் கழித்துத்தான் பழைய நிலை திரும்பியிருந்தது. மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு நேரம். மணிக்கு ஒரு முறை திட்டு வாங்குகிறவரின் தமனிக்கு அந்த நான்கு மணி நேரம் எப்போது கிடைக்கும்?

இரவும் கெடுகிறது. தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. இதயத்துக்கு அன்றாடம் கிடைக்கும் ஓய்வு அதுதான். கார்ட்டிசாலுக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. விழித்த அரை மணி நேரத்தில் உச்சம், நள்ளிரவில் அடித்தளம். வொயிட்ஹால் ஊழியர்களின் உமிழ்நீரை நாளில் ஆறு முறை எடுத்துப் பார்த்ததில், மாலையில் கார்ட்டிசால் சரியாக இறங்காதவர்கள் பின்னாளில் இதய, ரத்தநாள நோய்களால் இறப்பது அதிகமாக இருந்தது. தலைமுடியிலும் இந்தச் சுவடு பதிகிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே உச்சந்தலையை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி, கடந்த மூன்று மாதங்களின் கார்ட்டிசால் கணக்கேடு. இஸ்ரேலில் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்த 56 ஆண்களின் முடியை, வேறு காரணங்களுக்காக அங்கே சேர்ந்த 56 ஆண்களின் முடியோடு ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களின் முடியில் கார்ட்டிசால் கூடுதல். அட்டாக் வந்த அன்றைய பதற்றம் மூன்று மாதத்து முடிக்குள் ஏற முடியாது.

இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த கண்டுபிடிப்பு எலும்புக்குள் நிகழ்ந்தது. தமனியின் கொழுப்புப் படிவு வெறும் கொழுப்பு இல்லை. வெள்ளையணுக்கள் அதற்குள் புகுந்து, அங்கே அழற்சியை வளர்த்து, மேல்மூடியை அரிக்கின்றன. அந்த வெள்ளையணுக்கள் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மத்தியாஸ் நாரண்டார்ஃப் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பணி நாட்களைக் கழித்த பயிற்சி மருத்துவர்களின் ரத்தத்தை எடுத்தார்கள். ஓய்வு நாட்களைவிட அந்த நாட்களில் வெள்ளையணுக்கள் கூடியிருந்தன. ஏன் என்று எலிகளில் தேடினார்கள். வாரக்கணக்கில் தொந்தரவு செய்யப்பட்ட எலிகளில், மஜ்ஜைக்குள் ஓடும் பரிவு நரம்புகள் நார்அட்ரீனலினைச் சுரந்தன. வழக்கமாக ரத்தத் தண்டுச் செல்களை அடக்கிவைக்கும் ஒரு புரதம் அதனால் குறைந்தது. அடக்கம் தளர்ந்த செல்கள் பெருகி, வெள்ளையணுக்களை ரத்தத்தில் கொட்டின. கொழுப்புப் படிவுள்ள எலிகளில், அந்தப் படிவு மாரடைப்பைத் தரக்கூடிய வகையில் மெலிந்து அழற்சியுற்றது.

மனிதரிடமும் இந்தச் சங்கிலி இருக்கிறதா? அதே மருத்துவமனையில் அகமது தவகோல் குழுவினர், வேறு காரணங்களுக்காக பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்ட 293 பேரின் படங்களை மீண்டும் பார்த்தார்கள். அச்சத்தை உணரும் மூளைப்பகுதி அமிக்டலா. அது சுறுசுறுப்பாக இருந்தவர்களுக்கு எலும்பு மஜ்ஜையும் சுறுசுறுப்பாக இருந்தது, தமனிச் சுவரில் அழற்சியும் இருந்தது, அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அதிகம் வந்தன. 2017இல் வெளியான இந்த ஆய்வில் நோய் வந்தவர்கள் 22 பேர்தான். சிறிய எண். ஆனால் மூளை, எலும்பு, தமனி என்ற மூன்றும் ஒரே படத்தில் ஒரே வரிசையில் நிற்பதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

புகையிலையின் நிழல்

மன உளைச்சலையும் இதயத்தையும் பற்றி எழுதுகிறவர் மறைக்கக் கூடாத வரலாறு ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரு சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள், எப்போதும் அவசரம், போட்டி, எரிச்சல் என்று வாழ்பவர்களை ‘டைப் ஏ’ ஆட்கள் என்றார்கள். மாரடைப்பு அவர்களுக்கே அதிகம் வரும் என்றார்கள். உலகமே அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் நம் வார இதழ்களில் அந்தச் சொல் வருகிறது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அவர்களே தொடங்கிய ஆய்வில் இருந்தவர்களை வைத்து 1988இல் பார்த்தபோது, முதல் அட்டாக்கில் பிழைத்த ‘டைப் ஏ’ ஆண்கள் மற்றவர்களைவிட நன்றாகவே உயிர்வாழ்ந்தார்கள்.

பிற்காலத்தில் நீதிமன்ற வழக்குகளால் சிகரெட் நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. ‘டைப் ஏ’ ஆராய்ச்சிக்கு ஃபிலிப் மாரிஸ் நிறுவனம் பணம் கொடுத்திருந்தது அவற்றில் தெரிந்தது. மன அழுத்த ஆராய்ச்சியின் தந்தை என்று போற்றப்படும் ஹான்ஸ் செல்யேக்கும் புகையிலைத் துறையின் நிதி போயிருந்தது. நோக்கம் வெளிப்படையானது. இதயத்தைக் கெடுப்பது மனிதரின் சுபாவம் என்று நம்பவைத்துவிட்டால், சிகரெட்டின் மீதுள்ள பழி பாதியாகிவிடும்.

அதனால் எண்களைக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில், தெற்காசியா உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. வீட்டிலோ வேலையிலோ எப்போதும் மன அழுத்தத்தில் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு, அப்படி இல்லை என்றவர்களைவிட மாரடைப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆனால் இது மாரடைப்பு வந்தபின் கேட்ட கேள்வி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வார்டில் படுத்திருப்பவர் “எனக்கு ஏன் வந்தது” என்று தன் கடந்த ஆண்டைத் துழாவிக்கொண்டுதான் இருப்பார். நோய் வருமுன்பே கேட்டு, காத்திருந்து பார்த்த ஆய்வுகள் வேறு எண்ணைத் தருகின்றன. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்ந்த 1 லட்சத்து 97 ஆயிரம் ஊழியர்களின் விவரங்களை மிகா கிவிமாகி குழுவினர் 2012இல் தொகுத்தார்கள். கராசெக் சொன்ன பளு–பிடி நெருக்கடியில் இருந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் 23 சதவீதம் அதிகம். அந்த நெருக்கடியை முழுக்க நீக்கினால் அங்கே குறையக்கூடிய நோய் 3.4 சதவீதம். புகையை நீக்கினால் குறைவதோடு ஒப்பிட இது மிகச் சிறிது. ஒரு நாள் கேட்ட விடையை வைத்து ஒருவரின் பத்தாண்டு நெருக்கடியை அளப்பதால் உண்மை இதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும், ‘டென்ஷன்தான் எல்லாத்துக்கும் காரணம்’ என்று சொல்லிக்கொண்டே பீடியைப் பற்றவைப்பவருக்கு இந்த ஆய்வுகள் துணை நிற்காது.

அழுத்தத்தையும் புகைபோன்ற பழக்கங்களையும் பிரிக்கவும் முடியாது. இரவு ஷிப்ட் முடிந்து தூக்கம் வராதவர்தான் அடுத்த சிகரெட்டை எடுக்கிறார், நடைப்பயிற்சியை விடுகிறார், பிரஷர் மாத்திரையை மறக்கிறார். வொயிட்ஹால் ஆய்வில் வேலை அழுத்தத்தின் பாதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பழக்கங்கள் வழியாகவும், தொப்பை, சர்க்கரை, கொழுப்பு ஆகியவை சேர்ந்த வளர்சிதைக் கோளாறு வழியாகவும் வந்தது.

ஏற்கெனவே தமனி நோய் உள்ளவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்லாண்டாவில் வயோலா வக்காரினோ குழுவினர், நிலையான இதய நோயுள்ள 918 பேரை அவையின் முன் பேசச் சொல்லி, அந்த நேரத்தில் இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று ஸ்கேனில் பார்த்தார்கள். 16 சதவீதத்தினருக்குக் குறைந்தது. அவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் மாரடைப்போ இதய மரணமோ நேர்ந்தது மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. டிரெட்மில்லில் ஓடும்போது தப்பித்துக்கொள்ளும் இதயம், பேசும்போது சிக்கிக்கொள்வதும் உண்டு.

“டென்ஷனைக் குறைங்க”

சீட்டை நீட்டும்போது மருத்துவர் கடைசியாகச் சொல்லும் வாக்கியம் இது. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். எப்படிக் குறைப்பது என்பதற்கு ஆராய்ச்சி தரும் விடை ஒரே குரலில் இல்லை. சுவீடனின் உப்சாலாவில் இதய நோயாளிகள் 362 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் ஓராண்டில் 20 குழுப் பயிற்சிகள் கொடுத்தார்கள். எரிச்சலையும் அவசரத்தையும் கையாளும் பயிற்சி, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் அவர்களுக்கு மீண்டும் இதய, ரத்தநாள நோய் வந்தது 41 சதவீதம் குறைவு. ஆனால் அமெரிக்காவில் மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வோ தனிமையோ இருந்த 2,481 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மனநலச் சிகிச்சை சோர்வைக் குறைத்தது, மரணத்தையோ அடுத்த மாரடைப்பையோ குறைக்கவில்லை. இந்தியாவில் துரைராஜ் பிரபாகரன் தலைமையில் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேருக்கு யோகா அடிப்படையிலான மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்தார்கள். பெரிய நோய் நிகழ்வுகளில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. யோகா செய்தவர்கள் உடல்நலம் தேறியதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். அதுவே பெரிய நன்மைதான். மாத்திரைக்குப் பதிலாக யோகா என்று விற்பவர்களுக்கு அந்த முடிவில் இடமில்லை.

இந்தப் பயிற்சிகள் எல்லாம் அழுத்தத்தைத் தாங்கக் கற்றுக்கொடுப்பவை. அழுத்தத்தை உண்டாக்கும் ஏற்பாட்டைத் தொடுவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ததால் 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்தவர்கள் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைநாளுக்கு வழிவிடும் சட்ட முன்வடிவு 2023 ஏப்ரலில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். வார உச்சவரம்பு 48 மணி நேரமாகவே இருக்கும் என்று அரசு சொன்னது. காகிதத்தில் உள்ள 48, ஓவர்டைமோடு சேர்ந்து ஒரு தையல் தொழிற்சாலையில் எவ்வளவாகிறது என்பதை அங்கே வேலை செய்பவர்கள்தான் சொல்ல முடியும். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாளெல்லாம் நின்றே தீர வேண்டியிருந்த ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையை இதே மாநிலம் சட்டமாக்கியது. கால் வலி, வெரிகோஸ் நரம்பு என்ற காரணங்களுக்காக வந்த சட்டம். வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர் உட்காரலாம் என்ற உரிமை என்பதால், வொயிட்ஹால் ஆய்வைப் படித்த எவருக்கும் அது இதயத்தைப் பற்றிய சட்டமாகவும் தெரியும்.

மருத்துவர்கள் இன்றே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஓ.பி. சீட்டில் சுகர், பிரஷர், புகை, குடும்ப வரலாறு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, ஷிப்டை யார் போடுகிறார்கள் என்று கேட்பதில்லை. கனடாவின் கியூபெக்கில் 3,500க்கு மேற்பட்ட அலுவலக ஊழியர்களுக்கு, வேலை நேரத்தில் கையில் கட்டியபடியே பிரஷர் பார்க்கும் கருவியைப் பொருத்தினார்கள். வாரம் 49 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தவர்களிடம், மருத்துவமனையில் அளந்தால் சரியாகவும் வேலையிடத்தில் அளந்தால் உயர்ந்தும் இருக்கும் மறைந்த ரத்த அழுத்தம், 35 மணி நேரத்துக்குக் குறைவாக உழைத்தவர்களைவிட 70 சதவீதம் அதிகமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கிளினிக்கில் 120/80 என்று எழுதி அனுப்பப்படும் செக்யூரிட்டி ஊழியருக்கும், கண்டக்டருக்கும், நர்ஸுக்கும் அந்த எண் பாதி உண்மை மட்டுமே. வேலை நாளில், வேலையிடத்தில், இரண்டு மூன்று முறை பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்ல அதிகச் செலவாகாது.